பட்டியலில் ஏழாவது நட்சத்திரம்

பிப். 11, புதன்
வானம் சுத்தம். லேசான குளிர்.
பாக்கி: ரவிக்கை மூன்று, கேஸ் புக்கிங், நிவேதா செருப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜில் மகள் நிவேதாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள நட்சத்திரங்கள் தெரிகிறதா இல்லையா, வீட்டில் மூன்று பேரும் மாடியில் நின்று பார்த்துக் குறிக்க வேண்டும். ஏழாவது, மஞ்சள் ராட்சத நட்சத்திரம். சூரியனைவிட எத்தனையோ மடங்கு பெரிசாம், ஆனால் வெறுங்கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியுமாம். இத்தனை பெரிய உடம்புக்கு இத்துனூண்டு வெளிச்சம். கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம். இவர் வந்தார், தலையைத் தூக்கினார், "தெரியுது, தெரியுது." கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததி பார்த்ததும் இதே வேகத்தில்தான். (நானும் பார்த்தேன்!)

பிப். 12, வியாழன்
கேஸ் புக் பண்ணியாச்சு. ராத்திரி மலைப் பக்கம் மேகம். ஏழாவது இருக்கும் இடமே மூடிக் கிடந்தது. நிவேதா கேட்டதும் இவர், "மஞ்சளா, அந்தா நிக்குல்லா." கை நீட்டியது மேகத்துக்கு. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படியைக் காலால் தடவித் தடவி இறங்கினார்.

தூக்கம் இல்லை. இவர் ஓட்டுகிற மில் வேன்தான் நினைப்பில். தினமும் விடியுமுன் நாலு மணிக்கு தேவதானத்தில் கிளம்பி, சேத்தூர் வழியாக ராஜபாளையம். இருபத்திரண்டு பெண்கள். போன மாதம் பம்பர் நசுங்கியதற்கு நாய் குறுக்கே வந்தது என்றார்.

பிப். 13, வெள்ளி
வெயில். கேட்டேவிட்டேன். "ஏங்க, இருட்டுல கண்ணு தெரியலையா?"
"பதினெட்டு வருஷமா ஓட்டுதேன். போயி சோலியப் பாரு, ஏட்டி."
டாக்டரிடம் போவோம் என்றதும் கத்தல். "அவரு எழுதிக் குடுத்துட்டா, பொறவு மில்லுல வச்சிக்கிடுவாவளா?"
அப்போ தெரிந்துதான் இருக்கிறது. கோபம். பயம். ஒரு ரவிக்கையை அளவு தப்பி வெட்டிவிட்டேன்.

பிப். 14, சனி
நாலு மணிக்கு நானும் வேனில் ஏறினேன். "எங்க வார?" "சும்மாதான்." அதற்குமேல் கேட்கவில்லை. முன்சீட்டில் இருந்த பாத்திமா அக்கா பின்னால் போய் இடம் கொடுத்தாள்.

ஊரைத் தாண்டியதும் அவள் குரல். "அண்ணாச்சி, லெஃப்ட்ல சைக்கிள்." இவர் சட்டென்று ஒதுக்கினார். "பாலம் வருது, மெதுவா." இது வேறொருத்தி. "எதுத்தாப்ல லாரி. லைட்டு கண்ணுல அடிக்கும், செத்த நேரம் நில்லுங்க." நின்றார்.

திரும்பிப் பார்த்தேன். மற்ற மில் வேன்களில் அந்நேரம் எல்லாரும் தலை தொங்கத் தூங்குவார்கள். இங்கே ஒருத்திகூடக் கண் மூடவில்லை.

"எம்புட்டு நாளா இது?"
"ஒரு வருஷம் இருக்கும், மதினி. அண்ணாச்சி பொழப்புல மண்ணு விழுந்துறக் கூடாதுல்லா."

எனக்கு மட்டும் தெரியாது. அவமானம்.

"நிறுத்துங்க" என்றேன். ஓரம் கட்டினார். சாவியை நானே உருவினேன். அவர் போனிலிருந்தே சூப்பர்வைசருக்கு அடித்தேன். "சார், வேற டிரைவர அனுப்புங்க. இவியளுக்கு மாலைக்கண்."

நிற்கிற வண்டியில் இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

வேறு ஆள் வர முக்கால் மணி நேரமாம். போனை வைப்பதற்குள் பின்னால் குறட்டை. பாத்திமா அக்கா. அப்புறம் ஒவ்வொருத்தியாக எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.