மூன்றாவது ஓட்டு

என் அன்பு அண்ணா,

எட்டு வருடம் நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ போன பிறகும் இரண்டு வருடம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்றைக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நாம் வீட்டில் பேசியதெல்லாம் இந்தத் தீவின் கிரியோல் மொழிதான். ஆனால் என்னைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பியவன் நீ. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

சுயாக்கைத் தாண்டி, கரும்புக்கு நடுவே இருக்கும் நம் ஊர் ஒரு காலத்தில் உன் கைக்குள் இருந்தது. தோட்டத்தில் நீ ஆட்களுக்கு வேலை கொடுக்கும் சர்தார், தேர்தல் வந்தால் கட்சியின் ஏஜெண்ட். நம் நாட்டில் ஒரே ஓட்டுச் சீட்டில் மூன்று பேருக்கு ஓட்டுப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் சீட்டு செல்லாது. வீடு வீடாகப் போய், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறி போட்டுப் பழக்குவாய். மூன்றும் நமக்கே என்பாய். எண்ணும்போது அப்படியே வரும்.

பிறகு துணி ஆலை வந்தது. பெண்கள் அங்கே போனார்கள், பையன்கள் கடற்கரை ஹோட்டல்களுக்குப் போனார்கள். வேலை கேட்டு உன் முன்னால் நிற்க ஆளில்லை. அடுத்த தேர்தலில் நம் ஊர்ச் சீட்டுகளில் இரண்டு ஓட்டு நமக்கு, மூன்றாவது எதிர்க்கட்சிக்கு. அதற்கடுத்த முறை நமக்கு ஒன்றுதான். அதற்கும் அடுத்த முறை, எண்ணி முடியும் முன்பே நீ எழுந்து வந்துவிட்டாய்.

ஊர் தானாக மாறும் என்று உன்னால் நம்ப முடியவில்லை. யாரோ மாற்றியிருக்க வேண்டும். தலைநகர்ப் பக்கம் சாந்த் குருவாவில் வீடு கட்டிக்கொண்டு, அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, விடுமுறையில் வந்து வாய் கிழியப் பேசும் தம்பியை விட்டால் வேறு யார்? அந்த வருடம் காவடி அன்று நம் ஊர்க் கோயில் பந்தியில், எல்லோரும் கேட்கச் சொன்னாய்.

“உன்னைப் படிக்க வெச்சேன். நீ என் ஊரையே கெடுத்துட்டே.”

பாதிச் சோற்றில் இலையை மடித்து எழுந்தேன். அந்த வார்த்தையை இன்னும் மன்னிக்கவில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. என் மூன்று ஓட்டையும் கடைசிவரை உன் கட்சிக்கே போட்டேன். அந்தக் கட்சியை எனக்குப் பிடிக்காது. உன்னைப் பிடிக்கும்.

போன மாதம் உன் திதி. எல்லோரும் போன பிறகு அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆரம்பத்தில் ஆலை வேன் பெரிய சாலையிலேயே நின்றுவிடுமாம். உன் மகள் விடியுமுன்னே கரும்புக்குள் தனியாக நடந்து போக வேண்டும். உன்னிடம் சொன்னதற்கு, அப்படியானால் வேலையை விடட்டும் என்றாயாம். வேனை ஊருக்குள் வரவைத்தது எதிர்க்கட்சி வேட்பாளர்.

“அவர் பழக்கின மாதிரிதான் போட்டேன், தம்பி. சீட்டைக் கெடுக்கலை. ரெண்டு அவருக்கு, ஒண்ணு மகளுக்கு.”

மற்றப் பெண்களிடமும் அண்ணிதான் சொன்னாராம். அதற்குப் பிறகு போன ஓட்டெல்லாம் தானாகவே போனது. அன்று பந்தியில் நீங்களும் இருந்தீர்களே, ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“நீங்க தாங்குவீங்க. அவர் தாங்க மாட்டார்.”

கோபம் வந்தது. வீடு திரும்பும் பஸ்ஸில் வேறொன்று தோன்றியது. தினமும் காலையில் உன் வாசலில் நின்ற வேன் உன் கண்ணில் படவேயில்லையா, அண்ணா? இல்லை, எல்லாம் தெரிந்தும், அண்ணியைச் சொல்ல மனம் வராமல்தான் என்னைச் சொன்னாயா?

உன் மகள் இப்போது அந்த ஆலையில் சூப்பர்வைசர். ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சிக்காரருக்கும் தேநீர் கொடுக்கிறாள். யாருக்கு ஓட்டு என்று மட்டும் சொல்வதில்லை.

இதைத் தலைநகர்க் கோயிலின் ஆண்டு மலரில் அச்சிட அனுப்பப் போகிறேன். நம் பெயர்களைப் போட்டால் என் மேல் விழுந்த பழி போய்விடும். ஆனால் அண்ணியின் ஓட்டு ஊருக்குத் தெரிந்துவிடும். அவர் அந்த ஊரில்தான் இன்னும் கடைக்குப் போய் வர வேண்டும். சர்தாரும் ஏஜெண்டுமாக இருந்த அண்ணன்கள் தெற்கே எத்தனையோ பேர், பெயர் இல்லாவிட்டால் இங்கே படிப்பவர்களுக்கு யாரென்று தெரியப்போவதில்லை. பழி என்னிடமே இருக்கட்டும், இனி அதைப் பற்றி முணுமுணுக்கவும் மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நாளைக் காலை, பெயர் எழுதாமலே தபாலில் சேர்க்கிறேன்.

உன் தம்பி