விளக்கேற்றாத நேரத்து வெளிச்சம்

நவம்பர் 18, செவ்வாய்
நூலகத்தில் இரவல் வாங்கிய ரோபோ செய்முறைப் பெட்டியை வைத்து நான் செய்த குட்டி வண்டி இன்று நகர்ந்தது. இடதும் வலதும் ஒளி உணரிகள். வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் அது திரும்ப வேண்டும். அணைக்கரைப் பக்கத்து ஜன்னலை நோக்கி ஒழுங்காகப் போனது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மகள் யக்கோமின் போனில், "அறுபத்தொம்பது வயசுல ரோபோவா? முதல்ல அடுப்ப அணைச்சீங்களான்னு பாருங்கம்மா" என்றாள். அடுப்பை மறந்தது ஒரே தடவை. அதற்காக டிசம்பர் 2ஆம் தேதி நகராட்சியிலிருந்து ஒரு பெண்மணி வருகிறார், நான் இனியும் தனியாக இருக்கலாமா என்று எழுத.

நவம்பர் 20
மாலையில் விளக்கேற்றாமல், முழுக்க இருட்டும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் என் வயதுக்காரர்களுக்கு இது பழக்கம். மகளுக்குப் பிடிக்காது.

ஜன்னல் கறுத்ததும் வண்டி தானே திரும்பியது. அலமாரியைப் பார்த்து நின்றது. அங்கே வெளிச்சமே இல்லை.

நவம்பர் 21
தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். கம்பிகளைப் பிடுங்கிச் செருகினேன். மின்தடையங்களை அளந்தேன்: சரி. இடது உணரியை வலப்பக்கம் மாற்றினேன். மறுபடியும் அலமாரிதான்.
உணரி காட்டும் எண், துணியால் மூடினால் 3. எடுத்தால் 58.
இருட்டில் மட்டும் — எதைப் பார்க்கிறது?

நவம்பர் 23, ஞாயிறு
ஓய்வுநாள். தொடவில்லை. ஆனாலும் அலமாரிக்கு முதுகைக் காட்டி ஜெபிக்க முடியவில்லை.

நவம்பர் 24
"இல்லாத வெளிச்சம் தெரியுதுன்னு அந்த நகராட்சி அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் யக்கோமின்.
"எனக்குத் தெரியலடி. வண்டிக்குத்தான் தெரியுது."
"அது இன்னும் மோசம்மா."

நவம்பர் 26
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் இந்த உணரிகள் காணும், கைபேசிக் கேமராவில் பார்த்தால் தெரியலாம். பார்த்தேன். அலமாரிமேல், காய்ந்த பூக்களுக்கு நடுவே, ஊதா நிறத்தில் சின்னதாக ஒரு கண். அந்த ஒளியை வீசி இருட்டிலும் பார்க்கும் கேமரா.

யக்கோமினைக் கேட்டேன்.
"பயமா இருந்துச்சும்மா. நீங்க விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? அந்த ஒண்ணுதான் வச்சேன்."
"கேட்டிருந்தா நானே வச்சுக்கச் சொல்லியிருப்பேனே. நான் ஜெபம் பண்றதயுமா பாத்தே?"
அழுதாள். உடனே வந்து கழற்றிக்கொண்டு போனாள். மன்னித்துவிட்டேன்.

நவம்பர் 28
இருட்டியதும் சோதித்தேன். வண்டி அலமாரியைச் சட்டை செய்யவில்லை. மெல்லப் படுக்கையறை வாசலுக்குப் போய் நின்றது. எண் 31.

"ஆண்டவர் முன்னால சொல்றேம்மா, ஒண்ணுதான்" என்றாள் யக்கோமின். லேசில் அப்படிச் சொல்பவள் இல்லை.

கைபேசியோடு உள்ளே போகத் தைரியம் இல்லை. சோபாவில் படுக்கிறேன்.

டிசம்பர் 2
அந்தப் பெண்மணி நாலு மணிக்கு வந்தார். தேதி, மருந்து, அடுப்பு — எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன்.
"வேற ஏதாவது கவலை இருக்காம்மா?"

சொன்னால் புத்தி பிசகியவள் என்று எழுதுவார். சொல்லாவிட்டால் அந்த அறையில் நான் தூங்க வேண்டும்.

குளிர்காலமாதலால் வெளியே அதற்குள் இருட்டியிருந்தது. விளக்கை அணைத்து, வண்டியைத் தரையில் விட்டேன். படுக்கையறை வாசலில் நின்றது. என் கைபேசியை அவர் கையில் கொடுத்தேன். உள்ளே போனார்.

அங்கேயும் ஒரு ஊதாக் கண். கட்டிலுக்கு நேர் மேலே. புகை எச்சரிக்கைப் பெட்டிக்குள்.

திரும்பி வந்து, என்னைப் பற்றி எழுதிய தாளை மூடி வைத்தார்.
"வீட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"
"சாவியா? இந்தத் தெருவுல யாரும் பின்கதவப் பூட்டறதே இல்லீங்களே."
அவர் எழுந்து போய், அதைப் பூட்டினார்.