கோட்டுப் பையில் ஐந்து கிலோ

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேர். கூரையில் இருக்கும் சின்னக் கதவு வழியாக உள்ளே இறங்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்காக இருபத்து மூன்று வருடமாக நான் இறங்கிய கதவு. இன்று தோள் நுழைந்தது, வயிறு நுழையவில்லை. "அண்ணே, நீங்க மேலயே நில்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்று கேபிள் இறங்கிவிட்டான். என்னோடு வேலை பார்ப்பவனுக்கு ஒல்லி உடம்புக்காக நாங்கள் வைத்த பெயர் அது. அவன் கிண்டல் செய்திருந்தால் பரவாயில்லை. மரியாதையாகச் சொன்னதுதான் சுட்டது.

அங்கிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் எனக்காகக் காத்திருந்தார். தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடமாகிறது. சிறுநீரகம் தர அவள் புருஷன் ரத்தம் சேரவில்லை, என்னுடையதுதான் சேர்ந்தது. மற்றப் பரிசோதனை எல்லாம் தேறிவிட்டேனாம். எடை ஒன்றுதான். தொண்ணூறுக்குக் கீழே வந்தால் ஆபரேஷன், அதுவரை தொடமாட்டேன் என்றார்.

நர்ஸ் ஷூவைக் கழற்றச் சொன்னாள், வேலைக் கோட்டைக் கழற்றச் சொல்லவில்லை. கோட்டுக்கு அடியில் இடுப்பில் கருவி பெல்ட். பையில் டார்ச், சாவிக்கொத்து, மீட்டர். 109 காட்டியது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இறக்கிவைத்து நிறுத்துப் பார்த்தேன். 104. ஐந்து கிலோ இரும்பு.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? 109 என்றதும் உள்ளுக்குள் ஏதோ இளகியது. அது என்ன?

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பேக்கரி. கிரீம் பன் இரண்டு தின்றேன். எழுதாமல் விட்டால் இந்த நோட்டே வீண்.

பிப்ரவரி 8, சனி

செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு டயாலிசிஸ். சனிக்கிழமை மட்டும் துணைக்கு நான். படுக்கும் முன்பு அவளை நிறுத்துப் பார்க்கிறார்கள். இரண்டு நாளில் உடம்பில் தங்கிய தண்ணீர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமாம். இன்று 2.1 கிலோ. நாலு மணி நேரத்தில் மெஷின் அதை எடுத்துவிடும்.

"அடுத்து நீ ஏறு" என்றாள். தன் எடையைக் குறிக்கும் நோட்டில் பக்கத்திலேயே எனக்கு ஒரு கட்டம் போட்டிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தேன். கோட்டோடு ஏறினேன். 109.2. குறித்துக்கொண்டாள்.

"எனக்குத் தண்ணி இறங்கணும், உனக்குத் தொப்பை இறங்கணும். யாரு முதல்லன்னு பாப்போம்" என்று சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது அவளுக்கு. தாகம் எடுத்தால் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று முதல். வேகவைத்த காய்கறி, முட்டை வெள்ளைக்கரு, காலையில் நடை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நடக்கவில்லை. முட்டையை மஞ்சளோடு தின்றேன். கூடவே நாலு ரொட்டி, வெண்ணெய்.

பிப்ரவரி 15, சனி

மனைவி காலையில் கேட்டாள்: தங்கச்சி உயிரைவிடப் பெரிய காரணம் வேணுமா உங்களுக்கு? வேண்டாம்தான். அதைவிடப் பெரிய காரணம் இந்த உலகத்தில் எது? அதை நினைத்துக்கொண்டே பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறேன். காரணம் தெரிந்தால் கை நின்றுவிடும் என்று யார் சொன்னது?

எடை மெஷினில் ஏறும் முன்பு டார்ச்சையும் சாவிக்கொத்தையும் வண்டியிலேயே வைத்துவிட்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. இல்லை, பொய் எழுதாதே. வண்டியைப் பூட்டும்போதே தெரியும்.

108. "பரவாயில்லையே!" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் நோட்டைக் காட்டினாள்.

பிப்ரவரி 19, புதன்

புதுக் கட்டடத்தில் லோடு டெஸ்ட். எட்டுப் பேர் லிஃப்ட். எங்கள் கணக்கில் ஓர் ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. இருபது கிலோ இரும்புக் கட்டிகளைத் தூக்கித் தூக்கி உள்ளே அடுக்கினோம். ஒன்றைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நான் குறைக்க வேண்டியது இதைவிடக் குறைவு. பதினாலு கிலோ.

"என்ன அண்ணே, குழந்தை மாதிரி வச்சிருக்கீங்க?" என்றான் கேபிள்.

மார்ச் 1, சனி

பெல்ட்டிலிருந்து பெரிய ஸ்பேனர்களை எடுத்துவிட்டேன். 106.3.

மார்ச் 8, சனி

பெல்ட்டே இல்லை. 104.9. தங்கை எனக்கு ஒரு ஜோடி நடைச் செருப்பு வாங்கித் தந்தாள். நல்ல விலையிருக்கும். பெட்டியைத் திறக்கவே கூசியது.

மார்ச் 15, சனி

கோட்டையும் கழற்றிவிட்டேன். 104.2. இனிக் கழற்ற என்னிடம் ஒன்றும் இல்லை.

தங்கை விரலை விட்டு எண்ணினாள். "அஞ்சு வாரத்துல அஞ்சு கிலோ. இப்படியே போனா ஆகஸ்டுக்குள்ள முடிஞ்சிடும் அண்ணா." ஆகஸ்டுக்கு அப்புறம் என்னவெல்லாம் செய்வாள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். முதலில் ஒரு பெரிய தம்ளர் தண்ணீர், நிறுத்தாமல்.

அந்த நேரம் பதிவுப் பிரிவு அம்மா வந்தார். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கான வரிசையில் இவள் பெயரை இன்னும் கொடுக்கவில்லையாம். ஃபாரம் ஜனவரியிலிருந்து கைப்பையில் மடித்தே கிடக்கிறது. பதிவு செய்த நாளிலிருந்துதான் வரிசை, தள்ளிப் போடாதீர்கள் என்றார் அவர். இவள் சொன்னாள்: "அண்ணன் இருக்கிறவ எதுக்கு இன்னொருத்தங்க இடத்துல போய் நிக்கணும்?"

பெருமையாகச் சொன்னாள். கழிவறைக்குப் போகிறேன் என்று எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

உள்ளதை எழுது.

பயம். வேறொன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்கத் திறந்து பார்ப்பவன் நான். கதவு, மோட்டார், பேனல். எதையும் திறந்து பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். என்னை மயக்கத்தில் போட்டு, முகம் தெரியாத ஒருவர் திறந்து, ஒன்றை எடுத்துவிட்டு மூடுவார் என்று நினைத்தால் இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நாற்பத்தெட்டு வயசு ஆம்பளை! வெறும் கம்பிக் கயிற்றை நம்பி இருபது மாடி உயரத்தில் நின்று வேலை பார்க்கிறவன்!

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் உடம்பைச் சொல்ல வைத்தேன். கிரீம் பன்னைத் தின்னும் ஒவ்வொரு முறையும் ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப் போகிறது. சாப்பாட்டைக் குறைக்க மனசு வரவில்லை, வரவில்லை என்று எல்லோரிடமும் புலம்பினேனே, மனசு வராமல் இல்லை. அது வேறு பக்கம் திரும்பி நின்று நன்றாகவே வேலை பார்த்திருக்கிறது.

அந்த 109-ஐப் பார்த்து இளகியது எது என்று இப்போது தெரிகிறது. தூ.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன்.

இரண்டு ஊசியும் ஏற்றி, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு. எழுந்து போக முடியாத நேரம் பார்த்துச் சொன்னதுகூட ஒரு கோழைத்தனம்தான். பெல்ட், டார்ச், சாவி, கோட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நான் ஒரு கிலோகூட இறங்கவில்லை என்றேன். பயமாக இருக்கிறது என்றேன்.

மெஷினைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் தண்ணிய அளந்து குடிக்கிறேன். நீ ஸ்பேனரை எடுத்து வச்சிருக்கே."

மெஷினிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன, கத்தியை வச்சுக்கிட்டா நின்னேன்? என்னைக் காத்திருக்க வச்சியே அண்ணா. அதுதான்."

திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம். கைப்பையை எடுத்துக் கொடு என்றாள். ஃபாரத்தை எடுத்தாள். வலது கை மட்டும்தான் அசைக்கலாம், தாள் நகர்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டாள். பதிவுப் பிரிவு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

தங்கை மாப்பிள்ளை போன் செய்தார். இனிமேல் சனிக்கிழமை நானே பாத்துக்கறேன், நீங்க வேலையைப் பாருங்க என்றார். குரலில் கோபம் இல்லை. அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மார்ச் 29, சனி

காலை ஒன்பது மணி ஆனதும் கால் தானாக வாசலுக்குப் போயிற்று. எங்கே என்று கேட்டாள் மனைவி. தெரியாது என்றேன். தங்கை வாங்கித் தந்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். நாலு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன், மேலே போக முகம் இல்லை. கட்டடத்தைச் சுற்றினேன். மெஷின் ஓடும் நாலு மணி நேரத்தில் ஒன்றரை மணி சுற்றியிருப்பேன். திரும்பி நடந்தே வந்தேன். கால் இரண்டும் கொப்புளம்.

ஏப்ரல் 12, சனி

போனேன். சுற்றினேன். வந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வியாழக்கிழமையும் வேலைக்கு முன்பு போக ஆரம்பித்திருக்கிறேன். பேக்கரி வாசலில் இன்று நின்றேன். உள்ளே போகவில்லை. மனஉறுதி என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே தின்றதெல்லாம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

மே 31, சனி

101.5.

ஜூன் 9, திங்கள்

இரண்டு நாளாக வீட்டில் ஒரு கேக்கை யாருக்கும் தராமல் தின்று தீர்த்தேன். மனைவி காலித் தட்டைக் கழுவினாள். "நாளைக்கு நானும் நடக்க வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 16, சனி

பதினோரு மணி இருக்கும். மூன்றாவது சுற்று. போன் அடித்தது. தங்கை. ஐந்து மாதத்தில் முதல் தடவை.

"கீழ எத்தனை ரவுண்டு சுத்துவே? மேல வா."

அண்ணாந்து பார்த்தேன். இரண்டாம் மாடி ஜன்னல் ஓரம்தான் அவள் படுக்கை. எத்தனை வாரமாகப் பார்க்கிறாளோ.

படியேறிப் போனேன். மூச்சு வாங்கியது, ஆனால் நடுவில் நிற்கவில்லை. இளைத்திருந்தாள். நான் இளைக்க வேண்டிய அளவுக்கு அவள் இளைத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஐஸ்கட்டி வாங்கிவரச் சொன்னாள்.

எடை மெஷின் பக்கம் அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அக்டோபர் 18, சனி

95.8. பயம் போயிற்றா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். போகவில்லை. ஆனால் அது முன்னால் நின்று வழி மறிப்பதில்லை, பின்னாலேயே நடந்து வருகிறது. தொண்ணூறுக்கு வந்தால் டாக்டரிடம் போவேன். தங்கையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தைகூடச் சொல்லமாட்டேன்.

ஜனவரி 14, புதன்

காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். கிடைத்துவிட்டது. வரிசையில் அவள் முறை. உடனே வரச் சொன்னார்களாம்.

92.1. நான் இன்றைக்கு 92.1.

போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என்னைத் திறக்கமாட்டார்கள் என்ற நிம்மதி. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. யாரோ ஒருவர் இறந்திருக்கிறார். அந்த வீட்டில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஐந்து வாரம் ஆறு வாரம் என்று தள்ளிப் போடாமல்.

ஆபரேஷன் அறை வாசல் வரை கூடப் போனேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. பயமாயிருக்கு அண்ணா என்றாள். எனக்குத் தெரியும்மா என்றேன். அதில் மட்டும் பொய் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

புதுச் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார்.

ஜனவரி 24, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர். அண்ணன் கண் முன்னால்தான் குடிப்பேன் என்று வைத்திருந்தாளாம். நிறுத்தாமல் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மன்னிப்புக் கேட்டேன். அன்று நீ ஃபாரத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால், என்று ஆரம்பித்தேன். வாயை மூடச் சொன்னாள். நோட்டை எடுத்தாள். பழைய எடை நோட்டு. என் கட்டத்தில் அந்தப் பொய்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

"இது பத்துப் பதினஞ்சு வருஷம்தான் ஓடுமாம். அதுக்கப்புறம் இன்னொன்னு வேணும். உன்கிட்டதான் வருவேன்."

"அப்ப எனக்கு அறுபது தாண்டிடும்."

"அதனாலதான் இப்பவே சொல்றேன். உடம்பப் பாத்துக்க. இந்தத் தடவை ஸ்பேனர் கிஸ்பேனர் எல்லாம் வேணாம்."

சிரித்தாள். தையல் வலித்தது போலிருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என்னை மறுபடி வரிசையில் நிறுத்திவிட்டாள். அதை நான் கேட்டிருக்க முடியாது. அவளாகக் கொடுத்தாள்.

பேனாவை என் கையில் கொடுத்து, இனி உன் எடையை நீயே எழுது என்றாள்.

ஜனவரி 25, ஞாயிறு

மனைவியோடு நடந்தேன். 91.7. கோட்டு இல்லை, பெல்ட் இல்லை, பையில் ஒன்றும் இல்லை.