பச்சை விளக்குப் படத்தை ஆதாரமாக ஏற்க வேண்டாம் என்று கோரும் மனு

அனுப்புநர்:
வாயில் காவலர்,
அரசு மேல்நிலைப் பள்ளி, ஆற்றின் மேற்குக் கரை.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்.

பொருள்: அதிவேக இணைய இணைப்பு தராமலே தந்ததாகப் பதிவானது – அதனால் தேர்வெழுத முடியாமற்போன இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு மறுதேர்வு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்தோரு வருடமாக இந்தப் பள்ளி வாயிலில் இருப்பவன் நான். எழுதப் படிக்கத் தெரியாது. எழுதி வைக்க வழியில்லாததால் எதையும் மறக்கவும் தெரியாது. சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

2. மறுதேர்வு கேட்டு நாங்கள் முன்பு செய்த முறையீட்டுக்கு, "இணைப்பு நல்ல நிலையில் உள்ளது" என்று தங்கள் அலுவலகம் பதில் தந்தது. ஆதாரமாக ஒரு படமும் வந்தது. அதில் சுவரில் மாட்டிய இணையப் பெட்டிக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் கிழவன் நான்தான்.

3. போன நவம்பர் ஏழு, வியாழக்கிழமை. மதிய மணி அடித்தபின் வெள்ளை வண்டியில் இருவர் வந்து பெட்டியை மாட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. "தாத்தா, நீங்களும் பக்கத்துல நில்லுங்க, படம் களையா இருக்கும்" என்றார்கள். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. கையால் பொத்திக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பியதும் விளக்கு அணைந்தது. இணையத்துக்கான வெளிக்கம்பி இழுக்க அடுத்த வாரம் வருவதாகச் சொன்னவர்கள் இன்றுவரை வரவில்லை. தலைமையாசிரியர் மூன்று முறை எழுதிப் போட்டார். கிணற்றில் போட்ட கல்தான்.

4. படத்தைத் தயவுசெய்து உற்றுப் பாருங்கள். என் தோளுக்குப் பின்னால் சன்னல் திறந்திருக்கும். புறா வந்து கணினிகளை அசிங்கம் செய்யுமென்று அந்தச் சன்னலை நான் திறப்பதே கிடையாது. வண்டியிலிருந்து வயர் நுழைக்கத்தான் அன்று திறந்தார்கள். எரிந்தது அவர்கள் விளக்கு, பள்ளியுடையது அல்ல.

5. பதிவேட்டை நம்பி, வேலைப் பயிற்சித் தேர்வை எங்கள் பள்ளியிலேயே வைத்தார்கள். ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை, காலை பத்து மணி. இருபத்து மூன்று திரைகளிலும் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியபடியே இருந்தது. கணினி ஆசிரியை அந்தச் சன்னலைத் திறந்து, சிக்னல் கிடைக்குமா என்று தன் கைபேசியைச் சன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டரைக்குத் திரை தானே அணைந்தது. தேர்வு முடிவில், எல்லார் பெயருக்கும் நேராக "வரவில்லை" என்று போட்டிருந்தது. அவர்களை உள்ளே விட்டவன் நான் ஐயா, எண்ணித்தான் விட்டேன்.

6. ஆற்றுக்கு அக்கரைப் பள்ளியில் கம்பி வந்து நான்கு வருடமாகிறது. அங்கே தேறிய பதினொரு பிள்ளைகள் சொந்த வீட்டில் இருந்தபடியே வெளியூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார்கள். மூடிக் கிடந்த கடைகள் திறந்துவிட்டன. தையல்காரம்மாவுக்குப் பிள்ளை வழியாக முன்பின் பார்க்காத ஊரிலிருந்து துணி வருகிறது. இக்கரையில் விடிந்தால் பழம் அடுக்கும் கொட்டகையின் வண்டிதான் வருகிறது. அந்த இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேர் அதில் ஏறிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் என் மகள் வயிற்றுப் பேத்தி. "நீங்க சிரிச்சிக்கிட்டு நிக்கிற படத்தைக் காட்டித்தான் தாத்தா, மறுதேர்வு இல்லேன்னுட்டாங்க" என்றாள்.

7. ஆகவே அந்தப் படத்தைத் தள்ளி, என் வாய்மொழியைச் சாட்சியாக ஏற்று, கம்பி இழுக்க ஆணையிட வேண்டுகிறேன். அதுவரை காத்திராமல் அக்கரைப் பள்ளியில் வைத்தாவது மறுதேர்வு நடத்த வேண்டும். பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது ஜூன் முப்பதோடு முடிகிறது. படத்தில் நின்றது குற்றமென்றால் என்னை வேலையிலிருந்து நீக்குங்கள். பிள்ளைகளை நீக்க வேண்டாம்.

8. இன்னொன்று. இதற்கான பதிலை இணையத்தில் போட்டுவிட்டோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயா. தாளில் அனுப்புங்கள். இங்கே அது ஒன்றுதான் வந்து சேரும்.

இப்படிக்கு,
(இடது பெருவிரல் ரேகை)
வாயில் காவலர்

நாள்: ஜூன் 16, திங்கள்
இடம்: பள்ளி வாயில்