வேனுக்குப் புது பெட்டரி போட்டேன்

இன்று காலை உங்கள் நீல ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தேன். எட்டு மாதமாகத் துவைக்காமலே நான் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் முக்கி எடுத்ததும் வயிற்றுப் பக்கம் அப்படியே இற்று விழுந்தது. பழைய பெட்டரியை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவீர்களே, அப்போது பட்ட அசிட். தண்ணீர் படும்வரை துணி முழுசாகத்தான் தெரியும். இதற்காக எத்தனை சட்டைக்கு உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன்!

அந்தக் கந்தலைக் கையில் வைத்துக்கொண்டு பீலித் தண்ணீர் கொட்டும் கரையில் நின்றபோதுதான், உங்களிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறதே என்று தோன்றியது. வேனுக்குப் பெட்டரி போட்டுவிட்டேன். பாவித்தது அல்ல, புத்தம் புதுசு. நானே போய்ப் பார்த்து வாங்கினேன்.

உங்களுக்குப் புது பெட்டரி என்றாலே ஆகாது. ஹட்டனுக்குப் போய், யாரோ கழற்றிப் போட்டதாகத் தேடி எடுத்து வருவீர்கள். குளிர்காலம் வந்ததும் அது படுத்துவிடும். "இன்னும் ஒரு குளிருக்குத் தாங்கும் புள்ள" என்பீர்கள். தாங்காது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் வேனை எப்போதும் கோயில் மேட்டில், முகம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்துவீர்கள், காலையில் உருட்டி ஸ்டார்ட் பண்ண.

நான் வண்டி ஓட்டப் பழகியதும் அந்தச் செத்த பெட்டரிகளால்தான். தள்ள நீங்கள் வேண்டும். உள்ளே இருந்து கிளச்சை விட ஓர் ஆள் வேண்டும். தையல் மெஷினில் இருந்த என்னை எழுப்பிக்கொண்டு போனீர்கள். "கிளச்ச அமுக்கிக்க, ரெண்டாவது கியர்ல வச்சுக்க, நான் கத்துனதும் விட்டுடு" என்றீர்கள். நான் விட்டேன். வேன் உறுமிக்கொண்டு பாய்ந்தது. நிறுத்தத் தெரியாமல் தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களம் வரை போய்விட்டேன். நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தீர்கள். லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் எல்லாம் வெளியே வந்து நின்று சிரித்தார்கள். திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். "அதான் ஓட்டிட்டியே, லைசன்ஸ எடுத்துடு" என்றீர்கள், மூச்சு வாங்க.

எடுத்தேன். ஆனால் நீங்கள் இருந்தவரை அந்த லைசன்ஸ் அலுமாரியில் சேலைக்கு அடியில்தான் இருந்தது.

உங்கள் சவாரிகளில் எனக்குப் பிடித்தது செவ்வாயும் வெள்ளியும் போகிற சவாரி. ரத்தம் சுத்திகரிக்க நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகிற மூன்று பேர்: நம் லயத்து லெட்சுமி அக்கா, தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா, கீழ் டிவிசன் மகேஸ். விடிவதற்குள் ஏற்றிக்கொண்டு போவீர்கள், பின்னேரம் கொண்டுவந்து விடுவீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பனி முகத்தில் அறைந்தது. மூன்று பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முந்தின நாள் மேட்டில் யாரோ மணல் கொட்டியிருந்ததால் வேன் சமதரையில் நின்றது. நான் உள்ளே ஏறினேன். நீங்களும் மகேசும் தள்ளினீர்கள். நகரவில்லை. அப்போதுதான் தபால்கார ஐயாவும் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்த் தோளைக் கொடுத்திருக்கிறார். கண்ணாடியில் எனக்கு அவர் குல்லா மட்டும்தான் தெரிந்தது. வேன் ஸ்டார்ட் ஆனது. அவர் தண்ணீர்க் கான் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார், முகம் வெளிறிப்போயிற்று. அன்றைக்கு நீங்கள் போய்ச் சேரப் பிந்தியதால் அவர் முறை தள்ளிப்போய், பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தீர்கள். தேத்தண்ணீரைக்கூட எடுக்கவில்லை. "நோயாளி மனுசன வேன் தள்ள வச்சுட்டேன் புள்ள" என்றீர்கள். "இந்த மாசத்துக்குள்ள புதுசு போட்டுடணும்" என்றும் சொன்னீர்கள். முதல் தடவையாக அதை உங்கள் வாயால் கேட்டேன்.

பத்து நாள் கழித்து, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சாய்ந்தீர்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே! 'டக்' என்றது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் அதே சத்தம். எல்லோரும் மலையில் வேலைக்குப் போயிருந்தார்கள். மேட்டில் மணல் இன்னும் கிடந்ததால் வேன் அன்றும் சமதரையில்தான் நின்றது; தள்ள ஒரு கை இல்லை. கடைசியில் தேயிலைக் கொழுந்து ஏற்ற வந்த லொறியில்தான் உங்களைக் கொண்டுபோனோம்.

"பெரிய அட்டாக் அம்மா. வேன்ல வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்" என்று டொக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். நம்பவில்லை. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்று இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். உங்களை எடுத்த அன்றும் கோபம், கருமாதி அன்றும் கோபம். வேனைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். கோயில் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

அதனால் உங்கள் தம்பி வந்து, "மதினி, நின்னு துருப்பிடிச்சு வீணாப் போகுது, வித்துடுவோம்" என்றபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பண்டாரவளையிலிருந்து ஓர் ஆள் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக ஏற்பாடு. ஸ்டார்ட் ஆகாத வேனை யார் வாங்குவார்? "ஏதாச்சும் ஒரு பெட்டரி வாங்கிப் போடுங்க மதினி, ஒரு நாளைக்கு வேல செஞ்சாப் போதும்" என்றான்.

வியாழக்கிழமை பழைய பெட்டரியைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றினேன். ரோட்டு முக்கில் லெட்சுமி அக்கா பஸ்சுக்கு நிற்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"எங்கக்கா, கிளினிக்கா?"

"இல்ல புள்ள. ரேசன் சாமான் எடுக்கப் போறேன்."

"செவ்வாய்க்கிழம போனீங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "வாரத்துக்கு ஒருக்கா போதும்னு விட்டுட்டேன். ரெண்டு பஸ் மாறணும். வரும்போது நிக்கவே முடியல. ஒருநாள் பஸ்லயே விழுந்துட்டேன்."

"டொக்டருக்குத் தெரியுமா?"

"சொல்லல."

கடைத்தெரு வரை என்னோடு ஆட்டோவில் வந்தார். காலடியில் இருந்த பெட்டரியைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் விற்கத்தான் என்று சொல்லியிருப்பேன்.

ஹட்டனில் நீங்கள் போகிற அதே கடைதான். கடைக்கார முஸ்லிம் அண்ணன், நம் நானா, என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்க தங்கச்சி. கேள்விப்பட்டேன், வரத்தான் கெடைக்கல" என்றார். பிறகு சும்மா இருக்க முடியாமல், "அவரு வந்தா நேரா அந்த மூலைக்குத்தான் போவாரு" என்று பாவித்த பெட்டரிகள் அடுக்கியிருந்த பக்கம் கையைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம். உங்களுக்குப் பிறகு ஒரு மனிதர் முன்னால் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பெட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "வேன நிப்பாட்டும்போது இந்த நெகட்டிவ் வயர கழட்டி வச்சீங்களா?"

"இல்ல நானா, எனக்குத் தோணல."

"ஓடாம நின்னாலும் கரண்ட் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். இது முடிஞ்சுது, சார்ஜ் போட்டாலும் நிக்காது." மீட்டரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விக்கவா தங்கச்சி, ஓட்டவா?"

"ஏன் கேக்குறீங்க?"

"விக்கிறதுன்னா அந்த மூலையில ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க. வாற ஆள் சாவியத் திருப்புவாரு, ஸ்டார்ட் ஆகும், வேல முடிஞ்சுது. ஓட்டுறதுன்னா கதை வேற. டீசல் எஞ்சின், உங்க தோட்டத்துக் குளிரு. எழுபது ஆம்பியராவது போடணும். அதுக்குக் கொறஞ்சா விடியக்காலையில கைவிட்டுடும்."

அந்த மூலையைப் பார்த்தேன். எல்லாவற்றின் தலையிலும் சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளை படிந்திருந்தது. அந்த 'டக்' சத்தம் காதுக்குள் கேட்டது. லெட்சுமி அக்காவின் கால் கண்ணுக்குள் வந்தது. என் கோபமெல்லாம் ஒரு பெட்டரியோடு தீர வேண்டியது. அதற்காக அந்த மூன்று பேரை பஸ் கம்பியில் தொங்க விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஓட்ட" என்றேன்.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

நானா கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அதன் பிறகு பேச்சே வேறு. பழைய பெட்டரியோடு புதியதை ஒட்டி வைத்து, பிளஸ் முனை எந்தப் பக்கம் என்று ஒத்துப் பார்த்தார்; பக்கம் மாறினால் வயர் எட்டாதாம். வேனின் பெட்டரித் தட்டில் உட்காருமா என்று நீளமும் உயரமும் அளந்தார். இரண்டு வகை இருக்கிறது என்றார்: மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிற வகை, மூடியே இல்லாத வகை. மூடி இல்லாததைக் காட்டச் சொன்னேன். இனி என் துணியாவது பிழைக்கட்டுமே.

முன் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். அதன் மேல் விரல் பதிகிற அளவுக்குத் தூசி. எலாஸ்டிக் வாங்கப் போனால் நான் முதலில் இழுத்துப் பார்ப்பேன், உங்களுக்குத் தெரியும். கடையில் நாள்பட்டுக் கிடந்தது புதுசானாலும் பலம் இருக்காது. அந்த யோசனையில், "இது எப்ப செஞ்சது நானா?" என்று கேட்டேன். அவர் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் அச்சடித்திருந்த மாதம் போன வருடத்தது. "அவரு ஒருநாளும் இதக் கேட்டதில்ல" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய், போன மாதம் செய்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார். உத்தரவாத அட்டையில் என் பெயரை எழுதச் சொன்னேன். உங்கள் பெயரை எழுத அவர் பேனா தயாராகத்தான் இருந்தது.

"பூட்டும்போது பிளஸ் முதல்ல, நெகட்டிவ் கடைசியில. நாளைக்கே ஓட்டிக்கிட்டு வாங்க. சார்ஜ் ஏறுதான்னு பாத்துடுவோம். அது ஏறாட்டி எந்தப் புதுசும் நிக்காது" என்றார்.

அன்று பின்னேரமே தார்ப்பாயை இழுத்தேன். உங்கள் தம்பி லைட்டைப் பிடித்துக்கொண்டு, "வாற ஆளுக்கு இவ்வளவு நல்ல பெட்டரியா மதினி?" என்றான். "வாற ஆளுக்கு இல்ல" என்றேன். அவனுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்பேனரை வாங்கி மீதி நட்டை இறுக்கினான். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த ஆளுக்கு, "வேன் விக்கல" என்று அவனே போன் பண்ணிச் சொன்னான்.

ஏறி உட்கார்ந்தேன். டீசல் சூடாகிற விளக்கு அணையும்வரை பொறுத்தேன். திருப்பினேன்.

ஒரே தடவை. அந்த மேடே அதிர்ந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த ஆறு மாதத்தில் கோபமில்லாமல் அழுதது அன்றைக்குத்தான். டொக்டர் சொன்னதையும் அந்த நிமிடத்தில்தான் நம்பினேன். ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் ஹட்டனுக்கு ஓட்டிப் போனேன். எஞ்சின் ஓடும்போது நானா மீட்டரை வைத்தார். "பதினாலு வோல்ட் காட்டுது தங்கச்சி, நல்லா ஏறுது. பயமில்லாம ஓட்டுங்க" என்றார். திரும்பும் வழியில் மூன்று வீட்டிலும் நின்று, செவ்வாய் காலை வருகிறேன் என்று சொன்னேன். தபால்கார ஐயா என் முகத்தையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். "தள்ளணுமா?" என்று கேட்டார். குறும்பு குறையவே இல்லை அவருக்கு.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. ஒரு நாளும் தவறவில்லை. நான் உங்களைவிட மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். மகேசுக்கு அது பெரிய குறை. லெட்சுமி அக்கா எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. போன வாரம் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார், சிவப்பில்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. பின்னேரம் அவர்களை இறக்கிவிட்டதும் நீங்கள் உடனே கிளம்ப மாட்டீர்கள். கதவு திறந்து, ஆள் உள்ளே போய், யாராவது எட்டிப் பார்க்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிற்பீர்கள். டீசல் வீணாகிறதே என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். இப்போது நானும் நிற்கிறேன். நேற்றும் நின்றேன். லெட்சுமி அக்கா படியேறிக் கதவைத் தள்ளிவிட்டுத் திரும்பி நின்று, "போ புள்ள, நான் வந்துட்டேன்" என்று கையை அசைத்தார். அடுப்புப் புகை மேலே போக, மகள் எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம அஞ்சரைக்கு, தயாரா இருங்கக்கா" என்றேன்.

"அஞ்சு மணிக்கே ரோட்டுல நிப்பேன்" என்றார்.