ஸ்டோர்ஸுக்கு எந்தத் திரை

மார்ச் 3, திங்கள்

ஸ்டோர்ஸ் மென்பொருளின் கோப்பு 1.86 ஜிபி ஆகிவிட்டது. அது ஓடும் மைக்ரோசாஃப்ட் அக்சஸில் இரண்டு ஜிபிதான் எல்லை. அதைத் தொட்டால் எல்லாம் நின்றுவிடும். சரக்கு வரவு இல்லை, டிஸ்பாட்ச் இல்லை, வல்லம் வடகால் ரோடு வரை லாரிகள் வரிசை கட்டும். பதினாறு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. மேனேஜர் ஸ்ரீவத்ஸன் சார் ஒரே வரியில் முடித்தார்: "புதுசா எழுதிடுங்க ரத்னா. எதுல எழுதப் போறீங்கன்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

எழுதப் போவது நானும் ஜெபகுமாரும். ஐ.டி. டிபார்ட்மென்டே அவ்வளவுதான். பயமா, குஷியா? இரண்டும். குஷிதான் அதிகம்.

மார்ச் 5, புதன்

எந்தக் கருவியில் எழுதுவது? எனக்கு ஜாங்கோ. ஜெபாவுக்கு ரியாக்ட்டும் நோடும். கேன்டீனில் சாப்பாடு முழுக்கச் சண்டை.

"இன்னாக்கா, இன்னமும் அதையே புடிச்சிக்கினு கீற? ஊரே ரியாக்ட்ல ஓடுது."

"ஓடட்டும். பழசுல இருக்கற அறுபத்து மூணு டேபிளையும் நீயா உக்காந்து எழுதுவியா?"

நல்லது என்று ஜாங்கோவைக் கேட்கிறேனா, எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று கேட்கிறேனா? பதில் தெரியவில்லை.

மார்ச் 6

ஒப்பந்தம்: வரவுப் பதிவுத் திரையை மட்டும் ஆளுக்கொன்று எழுதுவது. தீர்ப்பு, ஸ்டோர்ஸ் மாடத்தி அக்காவுடையது.

மார்ச் 11, செவ்வாய்

டேபிள்களைப் போஸ்ட்கிரெஸ் என்ற புது டேட்டாபேஸுக்கு மாற்றி முடித்தேன். பிறகு ஒரே ஒரு கட்டளை — அறுபத்து மூன்றையும் ஜாங்கோ தானே படித்து நிரலாக எழுதிக் கொடுத்துவிட்டது! நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

எந்த ரிப்போர்ட்டிலும் வராத ஒரு குறிப்புக் கட்டம் இருந்தது. தூக்கிவிடலாம் என்று திறந்தால், முதல் ஷிஃப்ட் மாடத்தி அக்காவும் இரண்டாம் ஷிஃப்ட் கிளியம்மாளும் அதில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"கிளி, 14ஆம் ரேக்குல கைய விடாத, பல்லி முட்ட வச்சிருக்கு."

"அக்கா ரெண்டு குஞ்சு வந்துகீது."

நடுவே இதுவும்: "பேரிங் பெட்டி மேல 50ன்னு கீது, உள்ள 48தான்." அடுத்த வாரம் மறுபடியும். அதற்கடுத்த வாரமும். ஸ்டாக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று ஒரு வருஷமாக மீட்டிங் மேல் மீட்டிங் போட்டோமே! சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

தீர்ப்பு நாள். மாடத்தி அக்காவுக்குக் கோவில்பட்டிப் பக்கம். மவுஸைத் தொடவே மாட்டார். கண் சலானில் இருக்கும். விரல் நம்பரையும் என்டரையும் தானாகத் தட்டும்.

ஜெபாவின் திரை அத்தனை அழகு. கட்டங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன.

"சினிமா கணக்கா இருக்குப்பா. ஆனா ஒவ்வொண்ணுக்கும் மவுஸப் புடிக்கச் சொல்லுதியே?"

ஜெபா முகம் வாடியது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அடுத்து என்னுடையது. முதல் கட்டத்தில் நம்பர் போட்டு என்டர் தட்டினார் — நிரம்பாத படிவம் அப்படியே போய்விட்டது, திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"ஏ தாயி, நான் முடிக்கதுக்குள்ள இது எதுக்கு ஏசுது?"

ஸ்டோர்ஸே சிரித்தது. ஐயோ, ஒரு என்டர்! எப்படி யோசிக்காமல் போனேன்?

மார்ச் 19

ஜெபா காலையில் என் திரைக்குள் இருபது வரி சேர்த்திருந்தான். என்டர் அடித்தால் இப்போது அடுத்த கட்டத்துக்குப் போகிறது. நான் கேட்கவே இல்லை.

"உன்னுதையே வெச்சிக்கலாம்க்கா. நாம ரெண்டே பேரு. என்னுதுன்னா திரை தனியா, சர்வர் தனியான்னு ரெண்டு எடத்துல எழுதணும், ரெண்டு எடத்துலயும் பாத்துக்கணும். நான் ஒரு வாரம் லீவு போட்டா நீ ஒண்டியா மாட்டிக்குவ."

சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டான். நான் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட இவ்வளவு நன்றாக இல்லை. ஜெயித்தால் இப்படியா கூச்சமாக இருக்கும்?

மார்ச் 27, வியாழன்

மீட்டிங். பதினெட்டு ஸ்லைடு வைத்திருந்தேன். மூன்றாவதிலேயே சார் கடிகாரத்தைப் பார்த்தார். மூடிவிட்டு மாடத்தி அக்காவைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வரி வரவு. கை நிற்கவே இல்லை. பெட்டி மேல் போட்டிருக்கும் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், உள்ளே இருப்பதற்கு ஒரு கட்டம். அது நேற்று அரை மணியில் சேர்த்தது.

சார் நாற்காலியை முன்னால் இழுத்தார். "இந்த ரெண்டாவது கட்டம் யார் யோசனை?"

"கிளியோடது சார். ஒரு வருசமா எழுதுதா. ஒருத்தரும் வாசிக்கல" என்றார் மாடத்தி அக்கா.

சார் அந்தக் கட்டத்தில் தானே ஒரு எண்ணைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதுலயே எழுதுங்க" என்றார்.

ஏப்ரல் 22

கோப்பு 1.94. எழுதிக்கொண்டே இருக்கிறோம். சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

பழையதை நிறுத்திவிட்டோம். ஒன்பது அழைப்புகள். எட்டுப் பேர் பாஸ்வேர்டை மறந்தவர்கள். ஒன்பதாவது கிளியம்மாள்: "மேடம், குறிப்பு எழுதற கட்டம் சின்னதா கீது. பெருசு பண்ணுங்க."

பண்ணினேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று ஃபோனே வரவில்லை. மொத்தமாகப் படுத்துவிட்டதோ என்று பயந்து கீழே ஓடினேன். ஷிஃப்ட் மாறும் நேரம். கிளியம்மாள் பக்கத்தில் பெயின்ட் ஷாப் கவிப்பிரியா உட்கார்ந்திருந்தாள். தங்களுக்கும் இது மாதிரி வேண்டும் என்று பார்க்க வந்தவள்.

"கீழ பாக்காத. நம்பர் போடு, என்டர். நம்பர், என்டர். நம்ம வூட்டு அரிசி டப்பா மாரிதான், கண்ண மூடிக்கினே கை போவும்."

நான் பின்னால் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. சத்தமில்லாமல் மாடி ஏறி வந்து, பெயின்ட் ஷாப் என்று ஒரு புது ஃபோல்டர் திறந்தேன்.