சில்வெஸ்ரர் கொண்டுபோன எஞ்சின்

பிலோமினா,

எங்கட வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டிய நாளோடு கடலில் காற்றின் ஆட்சி முடிந்தது என்று கோயில் வாசலில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னனான். இப்போது உம்முடைய தம்பி சில்வெஸ்ரரைக் காற்றுத்தான் கொண்டு போகுது.

விடியப் போனவன் மத்தியானமாகியும் வரவில்லை. எஞ்சின் நின்று வள்ளம் மேற்கே இழுபடுகுதாம். நண்டுக்குப் போனவர்கள் தூரத்தில் கண்டிருக்கினம். ஒரே இழுவையில் ஸ்ரார்ட் வரும் என்று கடைக்காரர் சொன்ன அந்தக் கயிற்றை அவன் நின்றபடி இழுத்துக்கொண்டே போறானாம்.

யாகப்பு அண்ணையின் பாய் வள்ளத்தில் தேடப் போறன். எங்கட பாயை வெட்டி எஞ்சினுக்குப் பந்தல் போட்டதற்கு நீர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. இன்னும் முப்பது நாள் கதையாமல் இரும், அவன் மட்டும் வந்து சேரட்டும். அவனில்லாமல் உம்முடைய முகத்தில் முழிக்க எனக்கு ஏலாது.

சோறு குசினியில் மூடிக் கிடக்கு. மாமிக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சவிரிமுத்து

துடுப்பு எங்கே என்று காலையில் கேட்டீர், வள்ளத்தில் என்றேன். பங்குச் சுவாமி எஞ்சினை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த அன்று, எஞ்சின் வள்ளத்தில் துடுப்புக் கிடந்தால் வெட்கம் என்று நான் எடுத்துப்போட்டேன். இரண்டு துடுப்பும் எங்கட கட்டிலுக்குக் கீழே கிடக்கு.